வண்டிக்கு என்ன ஆச்சு

பாலத்தடி விடுதி,
மார்ச் 4

பெரியவளுக்கு,

ஆமை ஓடுகிறது. நீ கவலைப்படுவாய் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். சின்னவன் கழற்றிக்கொண்டு போன ரோட்டருக்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் கிடைத்த வேறொரு காரின் ரோட்டரை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறேன். கட்டைவிரல் அளவு கருப்புத் துண்டு. அது இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய வண்டி இருமுமே தவிரக் கிளம்பாது. புதியது சரியாக உட்காரவில்லை, மேடு ஏறும்போது விக்குகிறது. மற்றபடி அதே பழைய சத்தம்தான். நம் வயதுக்கு மூத்த வண்டி, விக்கினால் என்ன.

விடுதிக்காரர் என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். "வருஷா வருஷம் நாலு பேரும் ஆமையுமா வந்து இறங்குவீங்க. இப்ப என்ன சார், தனியா?" என்றார்.

சின்னவனைப் பற்றிக் கேட்டேன்.

"வந்தாரே! போன வாரம். மாடியில கடைசி ரூம்தான் வேணும்னு நின்னாரு. தாடியெல்லாம் விட்டு, எனக்கே அடையாளம் தெரியல. கதவைச் சாத்தினவர் திறக்கவே இல்ல சார். டீயாவது குடிங்க தம்பின்னு தட்டினேன். 'குடிச்சிட்டேண்ணா'ன்னாரு. எங்க குடிச்சாரு, கீழயே இறங்கலையே."

நாம் எப்போதும் தங்கும் அறை அது. நம் கோடைக்காலப் பாதையிலேயே போகிறான் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. இங்கிருந்து மலையடிவாரம், அங்கிருந்து சாலை முடிகிற ஏரி. பின்னாலேயே போனால் பிடித்துவிடுவேன். ஆமையின் சத்தம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். கேட்டால் ஓடி வருவான்.

ஃபோன் பண்ணுங்கள் என்று எழுதாதே. என் வாயை நம்பி அந்தக் கருவியை இனிமேல் எடுக்க மாட்டேன். எழுதினால் ஒரு வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதலாம். அடுத்த கடிதத்தை மலையடிவாரத் தபால் நிலையத்தில் எனக்காக வைத்திருக்கச் சொல்லி அனுப்பு.

அம்மா சாப்பிடுகிறாளா?

அப்பா

பி.கு: ரேடியேட்டர் ஒழுகல் நின்றுவிட்டது.

*

வீடு,
மார்ச் 7

அப்பா,

உங்கள் கடிதத்தில் முதலில் ஆமை வருகிறது, அப்புறம் ரோட்டர், அப்புறம் மேடு. தம்பி அதற்குப் பிறகுதான் வருகிறான். கடைசி வரியில் மறுபடி ரேடியேட்டர். அச்சகத்தில் நாளெல்லாம் மெய்ப்புத் திருத்துகிறவள் நான். எது எதற்கு முன்னால் வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கண்ணை மூடிக்கொள் என்று நீங்கள் சொன்னாலும் என்னால் முடியாது.

விபத்து நடந்த மாலை தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது நான் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா, வண்டி கவுந்துடுச்சுப்பா" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

எதிர்வீட்டுப் பையன் அப்போது உயிரோடு இல்லை. தன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த சிநேகிதன் செத்துப்போய்விட்டான் என்று சொல்லத்தான் அவன் கூப்பிட்டான். சொல்லாமலே வைத்துவிட்டான்.

அப்புறம் மழைக்காலம் முழுவதும் நீங்கள் கொட்டகையில் தகரத்தைத் தட்டி நிமிர்த்தினீர்கள். டக், டக், டக். மாடியில் அவன் தலையணையால் காதை அழுத்திக்கொண்டு படுத்திருப்பான். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பெயின்ட் காய்ந்து வண்டி கிளம்பத் தயாரான காலையில் அவன் இல்லை, ரோட்டரும் இல்லை. துரத்தி வரக்கூடாது என்று எடுத்துப் போயிருக்கிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வண்டி இனி ஓடவே கூடாது என்று எடுத்துப் போயிருந்தால்?

சண்டை போட எழுதவில்லை. இல்லை, சண்டை போடத்தான் எழுதுகிறேன், வேறு யாரோடு போடுவேன்?

இன்னொன்று. அம்மாவின் தலையணை உறைக்குள் தம்பியின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவன் போன அன்றே மேஜை நடுவில், மடித்து வைத்தபடி கிடந்ததாம். நம்மிடம் சொல்லாமல் எடுத்து ஒளித்திருக்கிறாள். "மறந்துட்டுப் போயிட்டான், பாவம்" என்கிறாள். அது இல்லாமல் அவனுக்கு எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரியாது, நம் முகமே பக்கத்தில் வந்தால்தான் தெரியும். மறக்கிற பொருளா அப்பா அது? இனிமேல் எதையும் பார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்தவன்தான் கண்ணாடியை மடித்து வைத்துவிட்டுப் போவான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சீக்கிரம் பிடியுங்கள்.

*

மலையடிவாரம்,
மார்ச் 11

பெரியவளுக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலையத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தேன். பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எழுதியதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் ஆமையைப் பற்றி எழுதினால் எனக்குக் கை ஓடுகிறது. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனாவே மக்கர் பண்ணுகிறது. என்ன செய்ய, நான் லேத்தில் இரும்பு கடைந்து பிழைத்தவன்.

நேற்று கண்ணாடி விஷயம் படித்த பிறகு வேறெங்கும் நிற்கவில்லை. தபால் நிலையத்திலிருந்து நேராக நம் வழக்கமான பெட்ரோல் பங்கில் நுழைந்தேன். புது கேஷியர். ஆமையைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன சார், மியூசியத்துலேர்ந்து தப்பிச்சு வந்துட்டீங்களா?" என்றான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பங்கின் பின்பக்கம் லாரி கழுவும் இடத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹோஸ் பாம்பு மாதிரி நெளிந்து, தண்ணீர் சாலைவரை ஓடிக்கொண்டிருந்தது. பாதி லாரி நுரையோடு நின்றது. எனக்குத்தான் வீணாவதைப் பார்த்தால் பொறுக்காதே. "யாருய்யா இது, இப்படித் திறந்து போட்டுட்டுப் போனது? வேலை செய்யறவனா அவன்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய் நானே மூடினேன்.

"புதுசா சேர்ந்தவன் சார். இப்பதான் இங்க நின்னான். ஒழுங்கான பையன்தான், இப்படிப் பண்ண மாட்டானே" என்றான் கேஷியர்.

ஊர் முழுக்க விசாரித்தேன். தாடி வைத்த பையன் எத்தனையோ பேர். நாளைக் காலை பஸ் நிலையத்தில் கேட்டுப் பார்க்கிறேன். நம்பிக்கை இருக்கிறது. அவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று எனக்குப் படுகிறது.

அப்பா

*

மலையடிவாரம்,
மார்ச் 12

பெரியவளே,

லாரி கழுவியது அவன்தான்.

கேஷியர் இன்று என்னைத் தேடி வந்து ஒரு ஜோடி ஷூவைக் காட்டினான். தண்ணீரில் நனையாமல் இருக்கக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தானாம். நீ அவனுக்கு வாங்கிக் கொடுத்தது. கயிறு அவிழாமல் இருக்க அவன் இரட்டை முடிச்சுப் போடுவானே, அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது.

"உங்க வண்டிச் சத்தம் தூரத்துல கேட்டப்பவே ஹோஸைக் கீழ போட்டுட்டானாம் சார். தலையை இப்படித் திருப்பிக் கேட்டானாம். அப்புறம் பின்சுவர் ஏறிக் குதிச்சதை டயர்க்கடைக்காரர் பார்த்திருக்காரு. போலீஸ் கேஸு எதாச்சுமா சார்?"

கேட்டால் ஓடி வருவான் என்று உனக்கு எழுதியிருந்தேன். ஓடித்தான் இருக்கிறான். அவன் சுவர் ஏறிக் குதித்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குழாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறவனா அவன் என்று நான் கத்தியதும் அவன் காதில் விழுந்திருக்கும்.

வெறுங்காலோடு போயிருக்கிறான். ஏரிப் பக்கம்தான் போயிருப்பான், இங்கிருந்து வேறு வழி இல்லை. இப்போதே கிளம்புகிறேன். ஏரிக்கரைத் தபால் நிலையத்துக்கு எழுது.

*

வீடு,
மார்ச் 16

அப்பா,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. தேதி பார்க்காமல் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு முதல் கடிதத்தில் அந்தக் குழாய் வரும் இடத்தைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை.

நேற்று எதிர்வீட்டு அத்தை வந்தார். விபத்துக்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கிடைச்சானா?"

"இன்னும் இல்ல அத்தை."

"எதுல தேடிட்டுப் போயிருக்காரு உங்கப்பா?"

அவருக்குத் தெரியாதா என்ன, கொட்டகை காலியாகக் கிடப்பது அவர் சமையலறையிலிருந்தே தெரியும்.

"அதுலயா?" என்றார். "தெருவுல பால் டெம்போ உறுமினாலே எனக்குப் பாத்திரம் கைநழுவுது. உள்ள உட்கார்ந்து ஓட்டினவன் அவன். அவன் காதுல அது எப்படிக் கேட்கும்னு அந்த மனுஷனுக்கு யாருமே எடுத்துச் சொல்லலையா? நீதான் அவ்வளவு புஸ்தகம் படிக்கிறியே, நீயாவது சொல்லக்கூடாது?"

அம்மா உள்ளே இருந்து வந்து என் பின்னால் நின்றாள். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"என் பிள்ளை போயிட்டான்," என்றார் அத்தை. "கடைசியா அவன் என்ன பேசினான், வலிக்குதுன்னானா, என்னைக் கேட்டானா, அது தெரிஞ்ச ஒரே ஆளு உங்க பையன்தான். அவனும் போயிட்டா நான் யார்கிட்டப் போய்க் கேட்பேன்? கூட்டிட்டு வாங்க. நான் திட்ட மாட்டேன்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "திட்டினாலும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்பா, ஆமையை விட்டு இறங்குங்கள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அவனைத் தேடவில்லை, விரட்டுகிறீர்கள். ஏரிக்கு அப்பால் சாலை இல்லை. அங்கிருந்தும் அவன் ஓட வேண்டியிருந்தால் எங்கே ஓடுவான்?

*

ஏரிக்கரை,
மார்ச் 19

பெரியவளுக்கு,

நான் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் உன் கடிதம் வந்தது. வருகிற வழியில் கடைசி இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்தேன். நீ சொல்வதற்கு முன்பே எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது.

விடுதி மூடிக் கிடக்கிறது, சீசன் இல்லை. தண்ணீர் இறங்கிக் கரை வெடித்திருக்கிறது. அவனுக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்த இடத்தில்தான் ஆமையை நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அவன் கியரைப் போட்டுக் கடித்த கடியில், "மெதுவாடா, அதுக்கு வலிக்கும்" என்றேன். நீயும் அம்மாவும் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வண்டிக்கு வலிக்கும் என்று சொல்லித்தான் நான் அவனை வளர்த்திருக்கிறேன்.

ஏன் அதை நிமிர்த்தினேன் என்று நீ கேட்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளமாக நிமிர்த்திக்கொண்டே வந்தால் அந்தச் சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்காமல் போய்விடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கடைசல்காரன் புத்தி. முறிந்தது எதுவானாலும் பட்டறைக்குக் கொண்டு போனால் சரியாகும் என்று நம்புகிற புத்தி.

கரை முழுக்க நடந்து தேடினேன். படகுக்காரர் ஒருவர், வெறுங்கால் பையன் ஒருவன் மேட்டுப்பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார். எப்போது என்று அவருக்கு நினைவில்லை. தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மிதக்கிற மரக்கட்டையைப் பார்த்து நேற்று இடுப்பளவு இறங்கிவிட்டேன்.

பயணத்தில் தங்குகிற இடத்திலெல்லாம் வண்டியை யாரும் கிளப்பிக்கொண்டு போகாமல் இருக்க ரோட்டரைக் கழற்றி அவன் கையில் கொடுப்பேனே. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடியே தூங்குவான். காலையில் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு ஆமையின் ரோட்டரைக் கழற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அது என் பையில் இருந்தால், எங்கோ ஒரு தலை தெரிந்தது என்று பதறி மறுபடி கிளப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ வைத்துக்கொள்.

இனி நான் எங்கும் போக முடியாது. இங்கேயே இருக்கிறேன். டீக்கடைக்காரர் ரொட்டி தருகிறார்.

அப்பா

*

வீடு,
மார்ச் 23

அப்பா,

உறை வந்தது. அம்மா அந்தக் கருப்புத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைக் கழட்டினாரா? அவரே கழட்டினாரா?" என்றாள். நீங்கள் கிளம்பிய பிறகு உங்களைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். இப்போது அது தம்பியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று நடந்தது. பயப்படாமல் படியுங்கள், முடிவு கெட்டதல்ல. முந்தாநாள் ஏரிப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து ஃபோன் வந்தது. காணாமல் போனவர் என்று நாம் எழுதிக் கொடுத்த வயதில், தாடியோடு, தண்ணீரிலிருந்து ஓர் உடலை எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"சட்டை என்ன கலர்?"

பச்சை என்றார்கள். "முழுக்கையா, அரைக்கையா?" என்றேன். அப்புறம், "பட்டன் எல்லாம் இருக்கா?" என்றேன். பட்டன், அப்பா! அந்தப் பக்கத்தில் பேசியவர், "மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். செத்தது என் தம்பியா என்று ஒரு தடவைகூட என் வாய் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே போகாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

கடைசியில் அது அவன் இல்லை. கையில் பச்சை குத்தியிருந்தார்களாம், வயதும் அதிகமாம். அம்மா நிம்மதியில் அழுதாள். அப்புறம் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக அழுதாள்.

ஃபோனை வைத்த பிறகுதான் அந்த மாலை உங்கள் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. உங்கள் குரலை மட்டுமே இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்ட பிறகும் உங்கள் உதடு சத்தமில்லாமல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்களும் பட்டனைத்தான் கேட்டீர்கள்.

இதை நான் புரிந்துகொண்டு என்ன பயன்? கேட்க வேண்டியவன் காதில் அந்தக் கேள்வி மட்டும்தானே இருக்கிறது.

எனக்கு விடுப்புத் தர அச்சகத்தில் முணுமுணுக்கிறார்கள். தராவிட்டாலும் வருகிறேன். அதுவரை இருங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள்.

*

ஏரிக்கரை,
மார்ச் 26

பெரியவளுக்கு,

அவன் வந்தான்.

உயிரோடு இருக்கிறான். இந்தக் கடிதத்தில் முதலில் வர வேண்டியது இதுதான். சரியாக எழுதியிருக்கிறேனா?

நேற்றுச் சாயங்காலம். எனக்குக் காய்ச்சல். ஆமையின் பின்சீட்டில் கதவைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் என்று நினைத்தேன். ஒரு காலில் துணி சுற்றிய ஆள் வண்டியைத் தொடாமல், அதன் மேலிருந்த புழுதியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். மூடிக் கிடக்கும் விடுதியின் பின்னால், மேட்டில் இருக்கும் பழைய படகுக் கொட்டகையில் இருந்திருக்கிறான். மேட்டிலிருந்து பார்த்தால் ஆமை அவனுக்கு ஒரு கருப்புப் புள்ளி. அது நின்ற இடத்தை வைத்து ஆமை என்று அறிந்திருக்கிறான், நான் அவன் கண்ணில் படவில்லை. சத்தம் வரும், வந்ததும் ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தானாம். சத்தமே வரவில்லை. கடைசியில் பயந்துபோய் இறங்கி வந்திருக்கிறான். ஏரிக்கு எதற்காக வந்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வந்த காரியத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு என்னைப் பார்க்க இறங்கியிருக்கிறான் என்பது போதும்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பக்கத்தில் வந்தான். அவன் கேட்டது இதுதான்:

"வண்டிக்கு என்னப்பா ஆச்சு?"

என் பிள்ளைதானே. அந்தக் கேள்வி அப்படித்தான் வருகிறது எங்களுக்கு. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நூறு எழுதித் தருவாய். என் வாயில் வந்தது, "ரோட்டர் இல்லடா."

அப்புறம் பைக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினான். பழையது. நம்முடையது. அதே இறுக்கமான பிடி. இந்தத் தடவை நான் விரலைப் பிரிக்கவில்லை. அந்தக் கையை அப்படியே என் இரண்டு கையாலும் மூடினேன்.

"அது கிடக்குதுடா. உனக்கு என்ன ஆச்சு?"

சொன்னான். இருட்டும்வரை சொன்னான். லாரியின் விளக்கு, திருப்பம், அந்தப் பையனின் தலை தன் தோளில் சாய்ந்தது, தூங்குகிறான் என்று நினைத்தது, எல்லாம். அவன் கடைசியாகப் பேசியதையும் சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். எதிர்வீட்டு அம்மாவிடம் இவனே போய்ச் சொல்லட்டும். அவர் திட்டட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு ஏரியைப் பார்க்கிறான். அவன் எழும்போதெல்லாம் நானும் எழுகிறேன். கால் புண் சீழ் வைத்திருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், நாளைக்கு என்கிறான். நாளைக்கு என்று அவன் வாயில் வருவதே எனக்குப் பெரிது, அதனால் நான் வற்புறுத்தவில்லை. தனியாக என்னால் இதைத் தாங்க முடியாது. பஸ் பிடித்து வா, அம்மாவையும் கூட்டி வா. அவன் கண்ணாடியைக் கொண்டு வா. ரோட்டரை வீட்டிலேயே வைத்துவிடு.

அப்பா

பி.கு: ஆமை நின்ற இடத்தில் நிற்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.